இரண்டு மகள்களுக்கும் ஒரே மாவு

எனக்கு இரண்டு பெண்கள். சண்டை வரக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட இருவருக்கும் ஒரே துணியில் வெட்டித்தான் பாவாடை தைப்பேன். அந்த நியாயத்தை முகத்திலும் காட்டப் போய்ப் பயந்துபோன கதை இது.

பத்தாம் வகுப்பு படிக்கும் பெரியவளுக்கு எண்ணெய் வழியும் முகம், நெற்றி நிறையப் பரு. யாரோ சொன்னார்கள் என்று கடலை மாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து தடவினேன். பரு கொஞ்சம் அடங்கியது. பார்த்துக்கொண்டே நின்ற சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அக்காவுக்கு மட்டும் தடவுதியே. எனக்குக் கெடையாதாம்மா?”

மார்கழி வந்தால் கன்னம் வெள்ளை பூத்து வெடிக்கிற வறண்ட தோல் அவளுக்கு. அதை யோசிக்காமல் மீதி மாவை அவளுக்குப் பூசினேன்.

“எரியுதும்மா.”

“எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். பேசாம இரி” என்றேன்.

கழுவியபோது கன்னம் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. தொட்டாலே அலறினாள். பதறிப்போய் வண்ணார்பேட்டையில் இருக்கும் தோல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“ஒரே வயித்துல பொறந்தா தோலும் ஒண்ணாவா இருக்கும்?” என்றார் டாக்டரம்மா. “நல்லவேளை, தழும்பு விழாது. பெரியவளுக்கும் எலுமிச்சை வேண்டாம்.”

பத்து நாளில் கன்னம் பழையபடி ஆனது. இப்போது பெரியவளுக்கு வெறும் பயத்த மாவு, சின்னவளுக்குக் குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய். புதிதாக எதையும் முழங்கை மடிப்பில் தடவி, இரண்டு நாள் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோகிறேன். பாவாடைத் துணி மட்டும் இன்றும் ஒன்றுதான். ஆனால் “எரியுது” என்று பிள்ளை சொன்னால், அர்த்தம் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை, உடனே கழுவிவிடுகிறேன்.