லோரியைக் கைவிட வைத்த பயம்

போன வருடத்துக்கு முந்தின வருட மழைக்காலம் அது. ரிங்லெட் டவுனுக்கு மேலே, மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து கிளினிக்கில் நான் தாதி. என் கணவர் அதே தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு அந்த வேலைதான். ஞாயிற்றுக்கிழமைகூட லோரியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருப்பார். என்னையும் இப்படிக் கவனித்தால் என்ன என்று வம்புக்கு இழுப்பேன்.

ஒருநாள் வளைவில் காய்கறி லோரி ஒன்று கவிழ்ந்து, ஓட்டியவரை எங்கள் கிளினிக்குக்குத் தூக்கி வந்தார்கள். மலையடிவாரத்துத் தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறங்கிய ஆம்புலன்சில் நானும் கூடப் போனேன். மனிதர் என் கையை விடவே இல்லை. பாதி வழியில் இறந்துபோனார். நான் அழவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். வீட்டில் மூச்சு விடவில்லை. தாதியாக இருந்துகொண்டு இதற்கெல்லாம் அழுதால் எப்படி என்ற வீறாப்பு.

அதன்பிறகு கணவர் லோரியை எடுத்தாலே அவரும் அப்படிக் கவிழ்ந்துவிடுவாரோ என்று பயம். ஒவ்வொரு வளைவையும் தாண்டியிருப்பாரா என்று ஓயாமல் போன் செய்வேன்.

"கோனருக்குக் கோனர் போன் அடிச்சா எப்படிலா ஓட்றது?" என்று முதலில் சிரித்தார். போகப் போகச் சண்டையானது. கடைசியில், "லோரி வேணுமா, நான் வேணுமா, முடிவு பண்ணுங்க" என்று பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தேன். மறுநாளே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோலா தெர்லாவில் கோஸ் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனார். வீட்டில் அவர் பேச்சே குறைந்துபோனது. நானோ, புருசனைப் பத்திரமாகக் காப்பாற்றிவிட்டதாக எல்லோரிடமும் பெருமையடித்தேன். என்ன புத்தியோ!

போன வருடம் தானா ராத்தாவில் தாதிகளுக்கு ஒரு பட்டறை நடந்தது. வேலை நம்மை எவ்வளவு வாட்டியிருக்கிறது என்று அளக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். வேலையில் பார்த்தது வீட்டிலும் கண்முன் வருகிறதா, வீட்டாருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பதறுகிறீர்களா என்றெல்லாம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'அடிக்கடி' என்றே குறித்தேன். மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்த ஆலோசகர், என்னைவிடச் சின்னப் பெண், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, மத்தவங்க வேதனையப் பக்கத்துல இருந்து பாத்தா நமக்கும் அது ஒட்டிக்கும். நோய்க்கு மருந்து இருக்குற மாதிரி இதுக்கும் வழி இருக்கு. இவ்ளோ நாள் யார்கிட்டயும் சொல்லலியா?"

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திரும்ப லோரிக்கே போங்கள் என்று கெஞ்சினேன்.

"அதுக்கு வேற ஆள் போட்டாச்சு, விடு" என்றார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "ஒருத்தர் ஒங் கையப் புடிச்சிக்கிட்டே செத்துருக்காரு. எங்கிட்ட ஏன் சொல்லல? அன்னிக்கே சொல்லிருந்தா நான் லீவு போட்டு ஒன்கூட இருந்துருப்பேன்ல" என்றார்.

இப்போதெல்லாம் கிளினிக்கில் மனதை உலுக்கும்படி எது நடந்தாலும் வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொல்லிவிடுகிறேன். அவர் ஆசையாக ஓட்டிய லோரியைத்தான் என்னால் திருப்பித் தர முடியவில்லை.