இடுப்புப் படம்

அன்றைக்கு ஸ்கேன் சென்டரில் இருந்தவர்கள்: ரிப்போர்ட் கொடுக்கிற பெண், மகளோடு வந்த ஓர் அம்மா, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், நான்.

என் இடுப்பில் ஜவ்வு பிதுங்கியிருப்பதாக அந்தப் பெண் படித்துச் சொன்னாள். இனி தறியில் உட்கார முடியாதோ என்று பயந்து, வாய்விட்டே புலம்பினேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் என் படத்தை வாங்கி, புடவையில் பழுது தேடுவதுபோல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"கால் மரத்துப்போவுதா? ஒண்ணுக்குப் போறதுல தொல்லை?"

"இல்லண்ணா."

"அப்போ பயப்படாதபா. நம்ம வயசுல நிறைய பேருக்குப் படம் இப்படித்தான் இருக்குமாம், என் டாக்டரு சொன்னாரு. நீயும் டாக்டராண்ட காட்டு. தறி எங்கியும் ஓடிப்போவாது."

பிறகு தன் படத்தை நீட்டினார். "டாக்டரு பாத்தாச்சு. வூட்டுல காட்டறதுக்கு ஆள் இல்ல. நீ பாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சும்மா திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. அவர் காதில் விழும்படி, இடுப்புப் பக்கத்து முள்ளெலும்புகளை விரல் வைத்து எண்ணினேன்.

ஐந்து.