எட்டு எழுத்து

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை பன்னிரண்டு வாங்கப் போன பட்டறையில் சூளையைக் கவனிக்கிறவர் அவர். ஒல்லி. சூட்டில் கருகிய புருவம் பாதிதான் இருந்தது. சூளையின் வெப்பத்தைக் காட்ட, புள்ளி புள்ளியாய் எரியும் தீப்பெட்டி அளவு ஓஎல்இடி திரை ஒன்றைச் சின்னக் கணினியோடு இணைத்திருந்தார். அதை இயக்கும் கட்டளைக் கோப்பு, ஷெல் ஸ்கிரிப்ட், அவர் மனைவி எழுதியதாம்.

சோற்று டப்பாவைத் திறக்குமுன் அவர் ஒரு கட்டளையைத் தட்டினார். திரை முழுவதும் வெள்ளையாக எரிந்தது. அடியில் மட்டும் மங்கலாக எழுத்துகள் தெரிந்தன. உடனே அணைத்துவிட்டார்.

"என்னங்க அது?"

"வெப்பத்துக்குக் கீழ 'சாப்பிட்டீங்களா'ன்னு எப்பவும் நிக்கிற மாதிரி வெச்சிருந்தா சார். அவ செத்தப்புறம் பாக்க முடியல, அந்த வரிய எடுத்துட்டேன். ரொம்ப நாளு ஒரே எடத்துல எரிஞ்சதுல அந்தப் புள்ளிங்க தேஞ்சி போச்சி. எல்லாத்தையும் எரியவுட்டா தெரியுது."

திரையில் நான் ஏழு எழுத்துதான் எண்ணியிருந்தேன்; அவர் சொன்ன சொல்லில் எட்டு. கணக்கு உதைத்தது, பொறுக்கவில்லை.

"இன்னொரு தடவை போடுங்களேன்."

தயங்கித்தான் போட்டார். எட்டு இருந்தது.

"ஏன் தயங்கினீங்க?"

"எரிய எரிய மத்த புள்ளியும் தேயுது சார். எல்லாம் ஒண்ணாயிட்டா எழுத்து போயிடும். அதான் ஒரு நாளைக்கு ஒரே தடவ." சிரித்தார். "பரவால்லீங்க. நாளைக்குப் பாக்காம சாப்ட்டுக்கிறேன்."

மறுநாள் மதியம் என் தட்டின் முன் உட்கார்ந்தேன். அவர் பார்க்காமல் சாப்பிடும் நேரம் அது. அந்த எழுத்துகளை எட்டுவரை எண்ணிய பிறகே சோற்றில் கை வைத்தேன்.