நூல் கடிக்கிற நேரம்

பாடும்போது மூன்றாவது வரி முடிந்ததும் அக்கா நின்றுவிடுவாள். மெஷினில் ஓடுகிற துணியை இழுத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்த பிறகுதான் நாலாவது வரிக்குப் போவாள். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடக்கும். அதற்குக் கை நீட்டுகிற தெம்புகூட அவளுக்கு இருக்காது. முன்பல்லில் நூல் கனத்துக்கு ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

அவள் பாடுவது எங்கள் அம்மாவின் தாலாட்டு. ஒரு காலால் மெஷினை மிதித்துக்கொண்டு, மறுகால் கட்டைவிரலில் தொட்டில் கயிற்றை மாட்டி ஆட்டியபடி அக்கா மகளுக்குப் பாடுவாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எதிரே பட்டன் தைத்துக்கொண்டிருப்பேன். கவுனுக்கு ஓரம் மடிக்கக் கொடுக்க வந்த பியானோ டீச்சர் ஒருநாள் அதைக் கேட்டார். மூன்று தடவை பாடச் சொல்லி எழுதிக்கொண்டார். மூன்று தடவையும் அக்கா தைத்துக்கொண்டேதான் பாடினாள். சில மாதங்களில் அது பியானோவோடு பாடுகிற பாட்டாகிவிட்டது.

தொட்டிலில் கிடந்தவள் வளர்ந்து அந்த டீச்சரிடமே பாடக் கற்றாள். இசைக் கல்லூரியில் இலவசமாக ஒரே ஒரு இடம் இருந்தது. தேர்வில் இந்தத் தாலாட்டைப் பாடச் சொன்னார் டீச்சர். இடம் கிடைக்காவிட்டால் அவளும் என்னோடு உட்கார்ந்து பட்டன் தைக்க வேண்டியதுதான்.

ஒத்திகையில் அவள் மூன்றாவது வரிக்குப் பிறகு நிற்காமல் முந்திக்கொண்டே இருந்தாள்.

"நாலு எண்ணிட்டு எடு. அந்த மௌனம்தான் பாட்டுக்கே உயிர்."

"எண்ணினா பயமா இருக்கு டீச்சர். வரி மறந்துட்டேன்னு நினைச்சுடுவாங்க."

மூலையில் மடி நிறையத் தைத்த துணியோடு பாதித் தூக்கத்தில் இருந்தாள் அக்கா. "அது ஒண்ணுமில்ல டீச்சர். அங்க நான் நூல் கடிப்பேன்."

"நூலா?"

"எங்கம்மா நிக்காமதான் பாடுவாங்க."

டீச்சர் பியானோ கட்டைகளிலிருந்து கையை எடுத்தார். "குழந்தை தூங்கிடுச்சான்னு அம்மா எட்டிப் பார்க்கிற இடம்னு இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லித் தந்துட்டிருக்கேனே."

"எட்டிப் பாக்க எனக்கேது நேரம்?"

டீச்சர் பென்சிலை எடுத்து, பாட்டு எழுதிய தாளில் அந்த மௌனத்தை அடித்துவிடப் போனார். அக்கா மகள் தாளின் மேல் கையை வைத்தாள். "இருக்கட்டும் டீச்சர். எனக்கு இப்போ புரியுது."

தேர்வன்று அவள் எண்ணவில்லை. மூன்றாவது வரி முடிந்ததும் வாயை மூடி, பல்லை லேசாகக் கடித்தாள். பிறகு நிதானமாக நாலாவது வரியை எடுத்தாள். பியானோ அவளோடு சரியாகச் சேர்ந்தது. பக்கத்தில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். கைதட்டலில்தான் விழித்தாள்.

"நின்னாளா?"

"நின்னா. நூலையும் கடிச்சா."

"ம். போலாம் வா, ரெண்டு ஜாக்கெட் பாக்கி இருக்கு."

இடம் கிடைத்தது. இப்போது மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். போன மாதம் அக்காவின் அந்த முன்பல் உடைந்துபோனது. நூலைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறாள். நான் பட்டன் தைக்கிறேன்.