தேன்குரலின் குறை

அலுவலகத்தில் அவளுக்குத் தேன்குரல் என்று பெயர். மின்தடை, மீட்டர் கோளாறு, அறுந்து தொங்கும் கம்பி என்று ஊரார் கூப்பிட்டு எரிந்து விழுவதற்கென்றே ஒரு தொலைபேசி எண் இருக்கிறதே, அதன் மறுமுனையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பவள். வசவு வாங்குவது வேலை. வாங்கியதைத் திருப்பித் தராமல் இருப்பது தகுதி.

யார் எதைச் சொன்னாலும் முதல் பதில் "உங்க கஷ்டம் புரியுதுங்க" என்றுதான் இருக்க வேண்டும். புரியவில்லை என்று சொல்லக் கூடாது. பேச்சுக்கு நடுவே மௌனம் விழக் கூடாது. அழைப்பவர் உயிரை மாய்த்துக்கொள்வதாகச் சொன்னால் உடனே இணைப்பை மேலதிகாரிக்குத் தள்ளிவிட வேண்டும். அதன்பிறகு அது உன் பாடில்லை. எல்லாம் சுவரில் ஒட்டியிருந்தது. இப்படிப்பட்ட வாழ்க்கையைத் தலையெழுத்து என்று சொல்லித் தேற்றுகிறவர்கள் உண்டு. தலையில் எவனும் எழுதவில்லை. எழுதியது நிர்வாகம், சுவரில், கொட்டை எழுத்தில்.

அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி ஒருநாள் வேலை நேரத்தில் விம்மி விம்மி அழுதாள். "உயிரோட இருந்து என்ன பிரயோசனம்?" என்று வாய்விட்டாள். மேலதிகாரி அவளை அன்பாகத்தான் கூப்பிட்டார். ஓய்வெடுத்துக்கொள் என்று வீட்டுக்கு அனுப்பினார். திரும்பக் கூப்பிடவே இல்லை. அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறொருத்தி "புரியுதுங்க" என்றாள்.

தேன்குரல் அன்று கற்ற பாடம், உண்மையைச் சொன்னால் அது மேலே போகும், மேலே போனால் ஆளைக் கீழே தள்ளும் என்பதே.

அதனால்தான் பல மாதங்களாக அவள் மனதில் ஊறிக்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் கண் விழிப்பதே தண்டனையாக இருந்தது. இரவு படுக்கும்போது, விடியாமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றும். வீட்டில் அவள் பேச்சு நாளுக்கு நாள் தேய்ந்து, கடைசியில் தலையாட்டலில் வந்து நின்றது.

"வேலைக்குப் போறே, வர்றே, சாப்பிடுறே. உனக்கென்ன வியாதி?" என்றான் கணவன். அவன் கொடுமைக்காரன் அல்ல. கண்ணுக்குத் தெரியாத எதையும் நம்பாதவன்.

அக்காதான் அவன்மீது பாய்ந்தாள். "பல்லு வலின்னா மட்டும் ஊரையே கூட்டுறீங்களே மாப்பிள்ளை! அது வாய்க்குள்ள இருக்கு. இது அதுக்கும் உள்ள இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்." அதே வேகத்தில் தங்கையைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், மனநல ஆலோசகரின் அறை. மருந்து வாடை இல்லை, ஊசி இல்லை, படுக்கைகூட இல்லை. சற்றே சாய்வாகப் போட்ட இரண்டு நாற்காலிகள், ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி, ஒரு கடிகாரம். ஆலோசகர் அவளைவிட இளையவள்.

"எனக்கு முன்னாடியே நிறைய பேர் அழுதிருப்பாங்க போல," என்றாள் தேன்குரல், பெட்டியைப் பார்த்து.

"அழலைன்னாலும் பரவாயில்லைங்க. ஜலதோஷத்துக்கும் உதவும்."

ஆலோசகர் விவரங்களைச் சொன்னாள். வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம். மருந்து தரமாட்டாள், தேவைப்பட்டால் அதற்கான மருத்துவரைப் பார்க்கச் சொல்வாள். ஒரே நாளில் எதுவும் சரியாகாது. ஆரம்பத்தில் பாரம் கூடினது போலக்கூட இருக்கும். ஒத்துவரவில்லை என்றால் தாராளமாக வேறு ஆளைத் தேடலாம், வருத்தமில்லை. "இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாது. ஒண்ணே ஒண்ணு, உங்க உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் வேற யாரையாவது சேர்த்துக்க வேண்டியிருக்கும். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

தேன்குரலின் காதில் கடைசி வாக்கியம் விழவில்லை. முந்தையது மட்டும் விழுந்தது. 'உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று தினமும் கேட்டுப் பழகிய காது அது. ஓகோ, இங்கேயும் மேலே தள்ளுகிற ஏற்பாடுதான் என்று முடிவு கட்டினாள்.

"வாழவே வேண்டாம்னு எப்பவாவது தோணியிருக்குங்களா?" என்று ஆலோசகர் நேராகவே கேட்டாள்.

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லைங்க," என்றது தேன்குரல். நூற்றுக்கு நூறு மதிப்பெண் வாங்கும் குரல்.

அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு மௌனம்கூட விழாமல் பார்த்துக்கொண்டாள். தூக்கம் சரியில்லை, வேலையில் அலைச்சல், தலைவலி. கிளம்பும்போது "ரொம்ப நன்றிங்க, வேற ஏதாவது உதவி வேணுங்களா?" என்று தானே கேட்டுவிட்டு, படியிறங்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் இன்னும் மோசம். ஒருநாள் கருவியைக் காதில் மாட்டியதும், யாரும் பேசுவதற்கு முன்பே "புரியுதுங்க" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த அழைப்பை எடுத்தாள்.

இரண்டாம் முறை போனபோது அதே தூக்கம், அதே தலைவலியை ஒப்பித்தாள். ஆலோசகர் 'புரியுது' என்று சொல்லும் கணத்துக்காகக் காத்திருந்தாள். சொன்னதும் எழுந்து போய்விடுவது, இனி இந்தப் படியேறுவதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

"எனக்குப் புரியலைங்க," என்றாள் ஆலோசகர். "தலைவலின்னு சொல்றீங்க. சொல்லும்போது சிரிக்கிறீங்க. எனக்கு ஒட்டலை. அவசரமில்லை, இருங்க."

மௌனம் விழுந்தது. ஆலோசகர் அதை நிரப்பவில்லை. தேன்குரலுக்கு உடம்பு வியர்த்தது. நிரப்பச் சொல்லி நாக்கு துடித்தது; சொல்ல எதுவும் இல்லை. கடைசியில் வந்த குரலை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கரகரவென்று, தேனின் சுவடே இல்லாமல் இருந்தது.

"போன வாரம் பொய் சொன்னேன். விடியக் கூடாதுன்னுதான் தினமும் படுக்கிறேன்." சற்று நின்று, "இப்ப மேல அனுப்பிடுவீங்கல்ல?" என்றாள்.

"எங்கயும் அனுப்பலை, நான் இங்கயேதான் இருக்கேன். ஆனா நாம ரெண்டு பேர் மட்டும் இதைச் சுமக்க வேண்டாம். மருத்துவரையும் பார்க்கணும். வீட்டுல யாருக்குச் சொல்லலாம்? நீங்களே சொல்லுங்க."

"கீழ அக்கா நிக்குறா."

அக்கா வாயில் ஏதோ கிண்டலோடுதான் மேலே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்த வாய் அப்படியே நின்றது.

"எங்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"போன வாரம் இங்கேருந்து இறங்கினப்பவும் எப்படி இருக்கேன்னு கேட்டே, நல்லாருக்கேன்னேன். நீயும் நம்பினே."

அக்கா அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லிவிட்டால் நெஞ்சிலிருந்து கல் இறங்கும் என்று எங்கோ ஒரு மூலையில் அவள் நம்பியிருந்தாள். இறங்கவில்லை. மருத்துவரிடம் நாளைக்கு நேரம் வாங்கியாயிற்று. நாளை மறுநாள் அதே நாற்காலி, அதே சுவர், அதே கொட்டை எழுத்து. பாரம் கூடினது போலத்தான் இருந்தது. அதை ஆலோசகர் முன்கூட்டியே சொல்லியிருந்தாள் என்பது ஆறுதலாகவும் இல்லை.

படியிறங்கும்போது அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி வலித்தது.

"அடுத்த வாரம் வருவேல்ல?"

இனிப்பாக ஒரு 'சரி' நாக்கின் நுனியில் தயாராக நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"தெரியலை."

"சரி," என்றாள் அக்கா, பிடியை விடாமல். "தெரியாமலே வா."