தொக்கு அல்ல, தோக்கு

துப்பாக்கி விற்கிறவனுக்குக் குறி பார்க்கத் தெரிய வேண்டாம். எடுத்துக் காட்டியதை முகம் சுளிக்காமல் திரும்பப் பெட்டிக்குள் வைக்கத் தெரிந்தால் போதும். புடவைக் கடையிலும் செருப்புக் கடையிலும் நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பழவங்காடிப் பக்கம் ஒரு கடையில் எனக்கு அந்த வேலை. வீடு கோட்டைக்குள் அக்ரகாரத்தில். முட்டைகூட உடைத்தறியாத குடும்பம்.

சமீபத்தில் முதலாளி லீவர் துப்பாக்கி என்று ஒரு புது மாடலை வரவழைத்தார். விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும். தோளில் பதியும் கட்டை மரத்திலா பிளாஸ்டிக்கிலா, வளையம் சின்னதா பெரியதா, மேலே லென்ஸ் மாட்டவேண்டுமா என்றெல்லாம் வாங்குகிறவர் தேர்ந்தெடுக்கலாம். கல்யாணப் புடவைக்குக்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார்கள்.

தெருக்காரர் செய்த உதவி

மலையாளத்தில் துப்பாக்கிக்குத் தோக்கு என்று பெயர். எனக்குப் பெண் பார்த்தபோது எங்கள் தெருக்காரர் ஒருவர் திருநெல்வேலியில் பெண் வீட்டுக்குப் போன் செய்து, "பையனுக்கு தோக்குக் கடைல ஜோலி" என்று சொல்லிவிட்டார். இங்கே மலையாள மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர்மேல் தப்பில்லை. போன் எடுத்தவர்கள் காதில்தான் 'தோ' குறுகி 'தொ' ஆகிவிட்டது.

நிச்சயதார்த்தத்தன்று பிள்ளையார் பூஜை முடிந்து காபி வந்தது. மாமியாராக வரப்போகிறவர் சபை நடுவில் என்னைப் பார்த்து அன்பாகக் கேட்டார்: "மாப்பிள்ளை, உங்க கடைத் தொக்குக்கு நல்லெண்ணெய்தானே விடறேள்?"

வித்துராவிலிருந்து செல்வி

புது மாடலைப் பார்க்கக் கடைக்கு வந்த செல்வியின் அப்பா அம்மா, தேயிலை எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்த தமிழர்கள். செல்விக்கு மலையடிவாரத்தில் வித்துராவில் கொஞ்சம் மரவள்ளி. அதைக் காட்டுப்பன்றி இரண்டு தடவை உழுதுவிட்டது. இன்னொரு தடவை போனால் விவசாயத்தை விட்டுவிட்டு டவுனில் வீட்டுவேலைக்கு வரவேண்டியதுதான் என்றார். பன்றியைச் சுடப் பஞ்சாயத்தில் அனுமதி, போலீசில் லைசென்ஸ், எல்லாம் வாங்கியாகிவிட்டது.

தடை வீட்டில்தான். அவருடைய அண்ணன் ஒருநாள் தோட்டத்திலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து பழைய துப்பாக்கியைக் காலி செய்யும்போது அது வெடித்துவிட்டது. அவருக்கு இரண்டு விரல் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. இனி இந்த வீட்டுக்குள் துப்பாக்கி வராது என்று அம்மா சொல்லிவிட்டார். நான் மரக்கட்டையின் வழவழப்பைக் காட்டினேன், துருப்பிடிக்காத குழலைக் காட்டினேன். செல்வி எதையும் தொடவில்லை. "எனக்குப் பன்னிய பயமில்ல கேட்டோ சாமி, அம்மாவத்தான் பயம்."

பெரிய வளையம்

அதே வாரம் நாகர்கோவில்காரரான ரிட்டயர்டு இன்ஜினீயர் ஒருவர் வந்தார். பெரிய வளையம்தான் வேண்டும் என்றார். அது பனி கொட்டும் நாட்டில் கையுறையோடு விரல் நுழைப்பதற்கு, நம் ஊரில் கை வியர்வையைத் துடைக்கவே நேரம் சரியாக இருக்கும் என்று பணிவாகச் சொன்னேன். பொன்முடி மலையில் குளிரும் என்றார். பிறகு லென்ஸ், டார்ச் மாட்டும் பட்டை, தோளில் இடிக்காத ரப்பர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மறுபடி சேர்த்தார்.

மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. பசி தாங்காமல், "சார் எதைச் சுடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "ஒண்ணையும் சுடப்போறதில்லை. சுடுகவனுக்கு இவ்வளவு யோசிக்க நேரம் உண்டுமா?"

அம்மா

செல்வி மறுபடி வந்தபோது அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாள் துப்பாக்கிகளுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் இருட்டில் பச்சையாக மினுங்கும் குறிமுனையில் ஆரம்பித்தேன். செல்வி கையைக் காட்டி நிறுத்தினார். "நெறைக்கறது எல்லாம் கெடக்கட்டும் சாமி. காலி ஆக்கறது எப்படி?"

இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சில மாடல்களில் காலி செய்யவும் லீவரைத்தான் இழுக்கவேண்டும். ஒவ்வொரு தோட்டாவும் வெடிக்கும் இடத்துக்குப் போய்த்தான் வெளியே வரும். கை தவறினால் அண்ணனுக்கு நடந்ததுதான். இந்த மாடலில் குழலுக்குக் கீழே ஒரு மெல்லிய குழாய் உண்டு. அதைத் திருகி உருவி, முனையைச் சாய்த்தால் தோட்டாக்கள் தானாக வழுக்கி விழும். ஏற்கெனவே வெடிக்கும் இடத்தில் ஏறி நிற்கும் ஒன்று மட்டும் லீவரை இழுத்தால் வந்துவிடும். போலித் தோட்டாக்களைப் போட்டுக் காட்டினேன். அவை மேஜைத்துணிமேல் சத்தமில்லாமல் விழுந்தன.

அம்மாள் எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்று, "ஒண்ணுகூடிக் காட்டுங்க" என்றார். காட்டினேன். இரண்டாம் தடவையும் எல்லாத் தோட்டாக்களும் மேஜைத்துணிமேல் விழுந்தன. அவர் குனிந்து, தோட்டா ஏறும் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மகளிடம் சொன்னார்: "சரி, வீட்டுக்குள்ள வரட்டும்."

காலி செய்வது எப்படி என்று காட்டி நான் விற்ற துப்பாக்கி அது ஒன்றுதான். நிச்சயதார்த்தத்தன்று நல்லெண்ணெய்க்குத் தலையாட்டிவிட்டதால், திருநெல்வேலிக்காரர்களுக்கு மட்டும் நான் இன்னும் ஊறுகாய்தான் விற்றுக்கொண்டிருக்கிறேன்.