ஈட்டி முனையில் எரிந்த மண்

“வெள்ளைக்காரன் தாத்தா கதைய எழுத நம்ம ஊர்லேர்ந்து ஒரு பொண்ணு வரணுமாம்மா? அவங்களுக்கே ஆள் கிடைக்கலையா?”

ஆஸ்டினை அடுத்த ரவுண்ட் ராக்கில் ஒரு என்ஜினீயர் வீட்டுப் பொங்கல் விருந்தில், அந்த வீட்டு அங்கிள் என்னிடம் இப்படிக் கேட்டார். கேட்டுவிட்டு, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். ஆன்ட்டி எனக்காகப் பரிந்துகொண்டு வந்தார்: “சும்மா இருங்க. ஏம்மா, கம்ப்யூட்டருக்கு மாத்திக்கலாமே, இன்னும் டைம் இருக்கு. இவர் வேணா ஹெல்ப் பண்ணுவார்.”

அந்தக் கேலியை விட இந்தப் பரிவுதான் எனக்கு ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மாடு மேய்த்தவருடைய மகள். எம்.ஏ. வரலாற்றில் முதலிடம் வாங்கித்தான் டெக்சாஸுக்கு விமானம் ஏறினேன். யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. “ஆள் கிடைக்காமத்தான் என்னக் கூப்பிட்டாங்க அங்கிள்,” என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் போட்டுக்கொண்டேன்.

உண்மையில் என் படிப்பு ஒரு பண்ணைக் குடும்பத்தின் உதவித்தொகையில் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்டினுக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் மாடும் வேலியுமாக நிலம் வைத்திருந்த குடும்பம். ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள். நானூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்து எல்லையோரம் வாழ்ந்த ஒரு பிரபு தங்கள் மூதாதை என்று நம்பினார்கள். அவருடைய வாழ்க்கையை ஆராய்கிற மாணவருக்கு உதவித்தொகை. ஆண்டுதோறும் வசந்த காலத்தில் குடும்பம் பண்ணையில் கூடும். மாணவர் அங்கே போய்ப் பேச வேண்டும். பேச்சு பிடித்தால்தான் அடுத்த ஆண்டும் பணம் வரும். வராவிட்டால், கட்டணத்துக்கு வேலை ஏதும் கிடைக்காவிட்டால், நான் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்தப் பிரபுவின் வாழ்க்கையை ஒரு வருடம் படித்தேன். சிறுவனாக இருந்தபோது அவனுடைய அப்பாவின் தலையை அரசன் வெட்டினான். வளர்ந்ததும் அதே அரசவம்சத்துக்குப் போர்வீரனானான். எல்லையைக் காக்கும் அதிகாரி என்ற பதவியும் கிடைத்தது. மாட்டுத் திருடர்களைப் பிடிப்பது அவன் வேலை. பகலில் பிடித்தான், இருட்டியதும் தானே திருடப் போனான். பிறகு அரசனுக்கு எதிராகக் கிளம்பினான், பிடிபட்டான், இனி ஒழுங்காக இருப்பதற்குப் பிணையாகத் தன் குடியானவர்களுடைய பிள்ளைகளை ஒப்படைத்தான். தன் பிள்ளையை அல்ல. பனிக்காலம் முடிவதற்குள் மறுபடி கிளர்ச்சி செய்தான். பிணைப் பிள்ளைகளைத் தூக்கில் போட்டார்கள். அவன் பிரான்சுக்கு ஓடிப்போய்க் கூலிக்குப் போர் செய்து, மன்னிப்பு வாங்கித் திரும்பி, அதே பதவியில் உட்கார்ந்து, வயதாகிப் படுக்கையில் செத்தான். அவனைப் பற்றிய புத்தகங்களில் அடங்காதவன், சுதந்திர மனம் படைத்தவன் என்றெல்லாம் எழுதியிருந்தது.

அவனுக்கு ஊர் ஊராகக் காவல்வரி கட்டினார்கள். கட்டாதவன் மாடு காணாமல் போகும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு அகராதி தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்தில் இதற்குத் துப்புக்கூலி என்று பெயர். மாடு காணாமல் போன மூன்றாம் நாள் ஒருவர் வெள்ளை வேட்டியில் வருவார். துப்புக்கூலி கொடுத்தால் மாடு கண்மாய்க் கரையில் கட்டிக் கிடக்கும் என்பார். கொண்டுபோனவரும் அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எழுந்து நின்று பேசுவார்கள். அப்படி ஒரு தடவை மாடு போனபோது, மாட்டின் சொந்தக்காரர் திருடனைத் தேடவில்லை. மேய்த்த என் அப்பாவைப் புளியமரத்தில் கட்டினார். பள்ளிக்கூடத்தில் ஆநிரை கவர்வதை வீரம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மேய்த்தவன் என்ன ஆனான் என்று அந்தப் பாடத்தில் இல்லை.

அந்த எல்லைநாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாட்டைப் பறிகொடுத்தவர், அங்கே விறகாக எரிக்கிற காய்ந்த சதுப்பு மண்கட்டி ஒன்றைக் கொளுத்தி ஈட்டி முனையில் குத்திக்கொண்டு திருடன் போன வழியே போகலாம். அந்த நெருப்பைப் பார்த்த எவரும் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே கிளம்ப வேண்டும். சட்டம் அது. ஒரு விதவை அப்படிக் கிளம்பினாள். புருஷனைக் கொன்று மாடுகளை ஓட்டிப்போனவன் பிரபு. ஊரில் எந்தக் கதவும் திறக்கவில்லை. தனியாகவே எல்லை மன்றம் வரை போனாள். நீதிபதி இருக்கையில் பிரபுவே உட்கார்ந்திருந்தான். காரணமில்லாமல் நெருப்பு ஏந்தி ஊரைக் கலைத்தாள் என்று அவளுக்கே தண்டம் விதித்தான். என் ஆய்வின் இரண்டாம் அத்தியாயம் அவள்தான்.

என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர், சண்டைக்கு ஆகாதவர். “பிரமாதம். ஆனால் பண்ணையில் இது வேண்டாம். அங்கே குதிரை, கோட்டை, பிரான்ஸ், அவ்வளவு போதும்,” என்றார். சரி என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பண்ணையில் பெரிய கூடாரம் போட்டிருந்தார்கள். மாட்டிறைச்சி வேகும் புகை, தோல்பையை அழுத்தி ஊதும் பைப்பு வாத்திய அலறல். கட்டம்போட்ட பாவாடையில் ஆண்கள் நடமாடினார்கள். எல்லையோரப் பிரபுக்கள் அதை உடுத்தியதே இல்லை, அது வடக்கு மலைக்காரர்கள் உடை. அதை நான் சொல்லவில்லை. அத்தனை தொடைகளையும் சகித்துக்கொண்டேன்.

குடும்பத் தலைவர் எழுபது வயதுக்காரர், பெரிய தொப்பி. என்னை ஓர் ஓக் மரத்தடிக்கு அழைத்துப் போனார். “மகளே, என் தாத்தா மாட்டுத் திருடர்களை இந்தக் கிளையில்தான் தொங்கவிட்டார். விசாரணை, வக்கீல், ஒன்றும் கிடையாது,” என்று கிளையைத் தட்டிக் காட்டினார். மகனுக்கு நீச்சல் பழக்கிய இடத்தைக் காட்டுவது போல அத்தனை நிம்மதியான குரல்.

பிறகு அவர் குதிரையில் ஏறினார். ஒருவர் நீளமான ஈட்டியை நீட்டினார். முனையில் ஒரு மண்கட்டி புகைந்துகொண்டிருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து தபாலில் வரவழைத்ததாம். அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் கூடாரத்தைச் சுற்றி வந்தார். எல்லோரும் மூதாதை பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள்.

பறிகொடுத்தவருடைய நெருப்பு அது. பறித்தவனுடைய வாரிசு அதை வெற்றிச் சின்னமாகத் தூக்கிக்கொண்டு சுற்றினார். அங்கே பேராசிரியரைத் தவிர ஒருவருக்கும் அது தெரியவில்லை.

பேச என்னை அழைத்தார்கள். எழுதி வைத்திருந்த கோட்டையும் பிரான்சும் கைப்பையிலேயே இருந்தன. நான் அந்த நெருப்பு யாருடையது என்று சொன்னேன். விதவையைச் சொன்னேன். நீதிபதி யார் என்று சொன்னேன். முதலில் சிரித்தார்கள், வேடிக்கைக்காகச் சொல்கிறேன் என்று.

பெரியவர் நல்ல குணத்தோடுதான் கேட்டார்: “அது அந்தக் காலம், மகளே. எல்லோரும் திருடினார்கள். அதற்குத் தைரியம் வேண்டாமா?”

“வேண்டும். உங்கள் மூதாதை இங்கே வந்திருந்தால் உங்கள் தாத்தா எந்தக் கிளையைக் கொடுத்திருப்பார்?”

யாரோ ஒருவர் மட்டும் சிரித்து, உடனே நிறுத்தினார். பெரியவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். “இந்தப் பெண்ணுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்,” என்றார். அத்துடன் பைப்பு மறுபடி அலறத் தொடங்கியது.

திரும்பும்போது பேராசிரியர்தான் காரை ஓட்டினார். ஃப்ரீவேயில் ஏறியதும் சொன்னார்: “பெரியவர் என்னிடம் பேசினார். கோபம் இல்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் தொகை தொடரும். பட்டம் வாங்கிய பிறகு நீ தனிக் கட்டுரையாக எழுதிக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டமில்லை.”

“அவங்களுக்கு நஷ்டமில்லை,” என்று தமிழில் சொன்னேன். அவர் என்னவென்று கேட்டார். யோசிக்கிறேன் என்றேன்.

யோசித்தேன் என்பது பொய். சனி, ஞாயிறு முழுக்க எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. அந்தக் கிளையைத் தட்டிய கை, கோபமே இல்லாத அந்தக் குரல், நஷ்டக் கணக்கு. வெள்ளை வேட்டியில் வந்து தின்பண்டம் கேட்பது போலத் துப்புக்கூலி கேட்டவரும் இப்படித்தான் தன்மையாகப் பேசுவார். மாடு வேண்டும் என்றால் வாயை மூடிக்கொள். இப்போது படிப்பு வேண்டும் என்றால்.

திங்கட்கிழமை காலையில் துறை அலுவலகத்துக்குப் போய், உதவித்தொகை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்து நேராக விடுதிச் சமையலறைக்கு நடந்தேன். பகல் வேளையில் தட்டு கழுவ ஆள் வேண்டும் என்று கதவில் ஒட்டியிருந்தது. மேற்பார்வைக்காரப் பெண்மணி என் கைகளைப் பார்த்தார், ரப்பர் கையுறை கொடுத்தார். மத்தியான வேலை முடிந்ததும், ஒரு வரிகூட மாற்றாமல் இரண்டாம் அத்தியாயத்தைப் பேராசிரியர் மேசையில் வைத்துவிட்டு, மூன்றாவதற்கான பழைய ஆவண மைக்ரோஃபிலிம் சுருளை நூலகத்தில் கேட்டு வாங்கினேன்.